காது மெஷினைக் கழற்றாதே, ஆர்வோ

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையது இல்லை.

கனடாவின் தண்டர் பே நகரத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பான்கேக் கடையின் பின்மேசையில் நாங்கள் சிலர் கூடுவோம். படுக்கையில் கட்டுவதிலும் கட்டப்படுவதிலும் சந்தோஷம் காண்கிறவர்கள். கம்பளிச் சட்டையும் பூட்ஸுமாக வந்து காப்பி குடிப்போம், குளிரைத் திட்டுவோம், புதிதாக வருகிறவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வோம். வேறு எதையோ எதிர்பார்த்து வருகிறவன் ஏமாந்து, சிரப் ஊற்றிய தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

போன பனிக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். கோட்டைக் கழற்றவில்லை, பெயரும் சொல்லவில்லை. கூட்டத்தை நடத்தும் மாக்ஸின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொடங்குமுன் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தையை முடிவு செய்துகொள்ள வேண்டும். அது வாயிலிருந்து வந்ததும் எல்லாம் நிற்க வேண்டும். 'விடு', 'ஐயோ' எல்லாம் விளையாட்டிலேயே வாயில் வரும். அதனால் அந்த இடத்தில் யாரும் சொல்லாத வார்த்தையாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் படுக்கும்போது காது மெஷினைக் கழட்டி வெச்சிடுவார். எந்த வார்த்தையச் சொன்னா அவருக்குக் கேக்கும்?"

மேசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பாதிக் காப்பியோடு எழுந்து போனவள் அதற்கப்புறம் வரவே இல்லை.

அவளுக்குத்தான் இந்தக் கதை. இந்த விஷயத்துக்கு அச்சடித்த சின்னப் புத்தகங்கள் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை கிடையாது. எழுதினவன் யார், எந்தக் கட்டிலில் படுத்தான், யாருக்குத் தெரியும்? நான் எட்டாவதோடு நின்றவன். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் மூட்டுகள் தேயும்வரை வேலை பார்த்தவன். கதை எழுதுகிறவர்களையும் நான் நம்புகிறதில்லை. கடைசியில் யாருக்காவது அடிபட்டால்தான் கதை என்று நினைக்கிறார்கள். இதில் யாரையும் ஆம்புலன்ஸில் ஏற்ற மாட்டேன். ஏற்றினால் பேனாவை ஏரியில் போட்டுவிடுவேன்.

2

தொடக்கம்: 'அன்றிரவு பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டோரீன் தன் இரு கைகளையும் மெல்ல—'

வேண்டாம். ஓட முடியாதபடி ஒரு ஆளைப் படுக்கவைத்த அறையில் நெருப்பு எதற்கு?

இன்னொரு தொடக்கம்: 'ஆர்வோ இரண்டு கிளாஸ் விஸ்கியை உள்ளே தள்ளிவிட்டு, வந்த தைரியத்தில்—'

குடித்தவன் கையில் நான் எதையும் கொடுப்பதாக இல்லை. குடித்தவனுக்குத் தன் கை எவ்வளவு இறுக்குகிறது என்று தெரியாது. குடித்தவளுக்கு வலி நேரத்துக்குத் தெரியாது.

மூன்றாவது: 'டோரீன் முடிவெடுத்துவிட்டாள்.'

இது நிற்கும். இவளை இனி நானே நினைத்தாலும் தடுக்க முடியாது.

டோரீனுக்கு அறுபத்து நான்கு. முடி வெட்டுகிறவள், இப்போதும் சலூனில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வலது மணிக்கட்டில் பழைய தொல்லை. உள்ளே நரம்பு நசுங்கி விரல்கள் அடிக்கடி மரத்துப்போகும். அந்தக் கை போனால் கத்திரி போச்சு, கத்திரி போனால் அவள் காலையில் எழுந்து போக ஒரு இடம் இல்லை. புருஷன் ஆர்வோ, ஃபின்லாந்துக்காரன். திறந்த லாரியில் பலகை ஏற்றி வின்னிபெக் நகரத்துக்கு ஓட்டி ஓட்டிக் காதைத் தொலைத்தவன். இப்போது ஓய்வு.

(இதுவரை எழுதினதை மாக்ஸினிடம் படித்துக் காட்டினேன்.

"யோவ் கிழவா, ஏற்கெனவே கை சரியில்லாதவள எதுக்குய்யா இதுல இழுத்து விடற? நல்ல கையோட ஒருத்தி கெடைக்கலையா?"

"நல்ல கை இருக்கறவளுக்கு உன் பாடம் போதும். இவளுக்குத்தான் கதை வேணும்."

"அவ கைக்கு ஏதாவது ஆச்சு, உன்னைக் கட்டிப்போடுவேன்."

"அதுக்கு என் சம்மதம் வேணும்."

"போய்யா.")

3

மீனும் ரை மாவு ரொட்டியுமாக ஆர்வோ மதியச் சாப்பாட்டில் இருந்தான். டோரீன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னைக் கட்டணும்."

"எதைக் கட்டணும்?"

"என்னை. கட்டில்ல."

ஆர்வோ ரொட்டியைக் கீழே வைத்தான். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீ ஒண்ணுமே பண்ணல. அதான் பிரச்சனை."

அவன் காது மெஷினைத் தட்டிப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது.

"நாள் பூரா நின்னுக்கிட்டு ஊர்த் தலையெல்லாம் பாக்கறேன். வீட்டுக்கு வந்தா உன் மாத்திரை, உன் சாக்ஸ், உன் காதுக்கு பேட்டரி. இந்தக் கை ரெண்டும் சும்மா கெடந்து நான் பாத்ததே இல்ல. கொஞ்ச நேரம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதபடி இருக்கணும், ஆர்வோ. யாரும் எங்கிட்ட எதையும் கேக்க முடியாதபடி."

(இப்படிச் சமையலறையில் யாராவது தெளிவாகப் பேசுவார்களா என்று எனக்கே சந்தேகம்தான். இருக்கட்டும். சீப்பும் கையுமாக நிற்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள்.)

ஆர்வோ மீன் தட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு எழுந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"ஷெட்ல லாரிப் பட்டை இருக்கு. லோடு இறுக்கற ராட்செட் வெச்சது. நகராது."

"உக்காரு. நான் என்ன, பலகையா?"

4

இந்த மாதிரிச் சாமான் விற்கிற கடை, டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கல்லாவில் மூக்குத்தி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"யாருக்காவது கிஃப்ட்டா?" என்றாள்.

"எனக்கு," என்றாள் டோரீன்.

ஆர்வோ நேராகப் போய் இளஞ்சிவப்பு மயிர் ஒட்டிய இரும்பு விலங்கை எடுத்தான். "இது ஸ்ட்ராங்கா இருக்கு."

டோரீன் அதன் விளிம்பைத் தன் இடது கையின் எலும்பு மேல் வைத்து அழுத்தினாள். மயிர் கண்ணுக்குத்தான், அடியில் இரும்பு இரும்பாகவே இருந்தது. அசைந்தால் இன்னொரு பல் இறங்கி இன்னும் இறுகும். சாவியைப் பார்த்தாள். பொடி மீன் முள் மாதிரி இருந்தது.

"கண்ணாடி போடாம இந்த ஓட்டையக் கண்டுபிடிப்பியா நீ?"

ஆர்வோ திருப்பி மாட்டினான். அடுத்தது பட்டு ரிப்பன். அழகாக இருந்தது. மெல்லியதாகத் தெரிவதால் எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குவார்கள், வீட்டில் இருக்கிற ஸ்கார்ஃபை எடுப்பார்கள். இழுத்தால் அது முறுக்கிக்கொண்டு நூலாகிவிடும், நூல் சதைக்குள் இறங்கும், முடிச்சு கல்லாகிவிடும். டோரீன் ஜடை பின்னித் தெரிந்தவள். கையில் முறுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு கயிறு. ஆர்வோவின் முகம் மலர்ந்தது.

"வேணாம்," என்றாள்.

"எனக்குக் கட்டத் தெரியும்டீ!"

"தெரியுங்கறதாலதான் வேணாம். உன் முடிச்சு லோடு இழுக்க இழுக்க இறுகும். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

* கயிற்றில் குற்றமில்லை. ஆனால் அது தனிப் படிப்பு, தெரிந்தவரிடம் நேரில் உட்கார்ந்து கற்க வேண்டியது. முதல் நாளே கயிற்றை எடுக்கிறவனை நான் நம்ப மாட்டேன். கழுத்தில் எதையாவது சுற்றலாமா என்று கேட்கிறவனை எங்கள் மேசையிலேயே உட்காரவிட மாட்டேன். முதல் நாளும் கூடாது, பத்தாவது வருஷமும் கூடாது.

கடைசியில் எடுத்தது மூன்று விரல் அகலத் தோல்பட்டை. உள்ளே மெத்தென்று துணி வைத்தது, பெல்ட் மாதிரி பக்கிள் போட்டது. அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும், ஒரே இடத்தில் வெட்டாது. மெத்தைக்கு அடியில் ஓடும் நாடாவில் கொக்கி வைத்து அதை மாட்ட வேண்டும். கொக்கியில் ஆர்வோ கண்டிப்பானவன். கல்லாக்காரியை நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, இழுத்துப் பிடித்தபடியே ஒவ்வொரு கொக்கியாகத் திறந்து பார்த்தான். பாதிக்கு மேல் இழுவிசையில் சிக்கிக்கொண்டன. ஒரு வகை மட்டும், எவ்வளவு இழுத்தாலும், பொத்தானை அழுத்தியதும் விட்டது.

"இது," என்றான்.

கல்லாக்காரி வளைந்த கத்திரி ஒன்றையும் எடுத்து வைத்தாள்.

"கத்திரி எங்கிட்ட இருபது இருக்கு," என்றாள் டோரீன்.

"எல்லாம் கூர்முனைதானே? பதட்டத்துல தோலுக்கும் பட்டைக்கும் நடுவுல விடணும். இது மொட்டை முனை. ஆம்புலன்ஸ்காரங்க வெச்சிருக்கறது."

டோரீன் அதைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஒரு கத்திரியைப் பற்றி அவளுக்கு இன்னொருத்தி சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். எடுத்துக்கொண்டாள்.

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு டோரீனை டாக்டரிடம் அனுப்பினேன். வலது கையைக் கட்டலாமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி ஒருத்தி கையைக் கெடுக்கக் கூடாது. டாக்டர் சின்னப் பெண், முகம் சுளிக்கவில்லை. அந்த மணிக்கட்டில் எந்த அழுத்தமும் கூடாது, மெத்தென்றிருந்தாலும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

 வீட்டு வாசலில் டோரீன் வெடித்தாள்.

"ஒரு கை சும்மா தொங்கிட்டிருந்தா அது என்ன கட்டு? பாதி முடி வெட்டிட்டு எழுந்து போன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

"அப்ப வேணாமா?" என்றான் ஆர்வோ. குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அவளுக்கு அது கேட்டுவிட்டது.

"வேணும். ரெண்டு காலு, எடது கை. சோத்துக் கைய என்ன பண்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ உக்காரு, மொதல்ல உனக்குப் போடறேன்."

சமையலறை நாற்காலியில் அவனை உட்காரவைத்து, சட்டைக் கை மேலேயே பட்டையை மாட்டினாள். பட்டைக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. ஆர்வோ அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கு அரித்தது. சொல்லக் கூச்சப்பட்டு மூஞ்சியை மட்டும் கோணினான்.

"சொல்லேன்டா!"

"மூக்கு..."

அவள் சொறிந்துவிட்டாள். கட்டுண்டவன் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும் என்பது அவனுக்கு அங்கே உறைத்தது.

பிறகு அவள் முறை. இடது கையில் போட்டான். இரண்டு விரல் போயிற்று. நன்றாகத்தான் போட்டான். அடுப்பில் காப்பியை வைத்துவிட்டு வந்து சரிபார்த்தான். அங்கேதான் கெட்டது.

லாரிக்காரன் வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டி லோடைப் பார்ப்பான். குலுங்கிக் குலுங்கிப் பலகை படிந்திருக்கும், பட்டை தளர்ந்திருக்கும். பார்ப்பது என்றால் அவனுக்கு இன்னும் ஒரு இழுப்பு. ஆர்வோவின் கை அவனைக் கேட்கவில்லை. பக்கிளைத் தொட்டது, ஒரு ஓட்டை தள்ளி இறுக்கியது. போய்க் காப்பியை ஊற்றிவிட்டு வந்து, மறுபடி பார்த்தது.

"ஆர்வோ. விரல் ஜிவ்வுங்குது."

"கொஞ்சம் அப்படித்தான்—"

"கழட்டு!"

கழற்றினான். விரல்கள் வெளுத்து, தொட்டால் சில்லென்றிருந்தன. டோரீன் மணிக்கட்டை மேலே மடக்கினாள், கட்டை விரலை விரித்தாள். அசைந்தது. ஜிவ்வென்பது போய்ச் சூடு திரும்பும்வரை இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

* கால் மரத்துப்போனால் உதறிவிட்டு நடக்கிறோமே, அதுபோல இதை நினைக்கிறவர்கள் உண்டு. ஊசி குத்துகிற மாதிரி வந்தால் நரம்பு கூப்பிடுகிறது என்று அர்த்தம். பொறுத்துப் பார்க்கக் கூடாது, அந்த நிமிஷமே கழற்ற வேண்டும். பொறுத்தவர்களில் ஒருவன் கோடைகாலம் முழுக்க முட்கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தான். கழற்றின பிறகும் மரப்பு போகவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

"எதுக்குடா இறுக்கின?"

"சரிபாத்தேன்."

"இறுக்கின!"

"லாரில அப்படித்தான்டீ..." அவன் கழற்றின பட்டையைப் பார்த்தான். "லோடு தளரும்."

"எனக்கு லோடு மாதிரி தளராது. எனக்கு வீங்கும்."

பட்டைகளையெல்லாம் அள்ளி இழுப்பறையில் போட்டு மூடினாள். இருந்த ஒரு நல்ல கையையும் அவன் கெடுக்கப் பார்த்தான். இனி அவனை நம்புவதா வேண்டாமா? கதை இதோடு முடிந்துவிடுமோ என்று எனக்கும் பயம் வந்தது. இரண்டு நாள் எழுதவில்லை.

மூன்றாவது நாள் ஆர்வோ தானாக இழுப்பறையைத் திறந்தான். அவளைக் கூப்பிட்டு, இரண்டு விரல் போகிற ஓட்டையை அவளையே காட்டச் சொன்னான். அதற்கு அப்பால் இருந்த ஓட்டைகளை ஈயத் தகடு வைத்து ஆணியடித்து அடைத்தான். அப்புறம் தன் மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டு, அறையைச் சுற்றி நடந்து வந்து, தொட்டு, விரலை விட்டு, விரல் நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, கையை எடுத்தான். மறுபடி நடந்து வந்தான். டோரீன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியம் மாதிரி இருக்க."

"கைக்குப் பழக்கிவிடறேன்," என்றான்.

6

ஞாயிறு மதியம்.

(இரவாக எழுதினேன், அடித்துவிட்டேன். இருட்டில் விரலின் நிறம் தெரியாது. டோரீன் வெளிச்சத்தில் படுக்கக் கூச்சப்பட்டாள். இந்த வயதில் யாருக்கு இருக்காது? மெல்லிய திரையைப் போட்டுக்கொண்டாள். அதுவரைதான் நான் இறங்கி வருவேன்.)

ஆர்வோ பழக்கத்தில் காது மெஷினைக் கழற்றப் போனான்.

"கழட்டாதே, ஆர்வோ."

"கன்னம் பட்டா விசில் அடிக்கும்டீ."

"அடிக்கட்டும்."

நிறுத்துவதற்கு அவர்கள் முடிவு செய்த வார்த்தை வின்னிபெக். அந்தக் கட்டிலில் அதை யாரும் இதுவரை சொன்னதில்லை. அது மட்டும் போதாதென்று டோரீன் இன்னொன்று வைத்திருந்தாள். அதை நான் யோசிக்கவில்லை, எழுதும்போது அவள் வலது கை தானாகப் போய் ஆர்வோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. கட்டாத கை. பிடித்து இழுத்தால் நிறுத்து என்று அர்த்தம். காது கேட்காவிட்டாலும் சட்டை இழுபடுவது யாருக்கும் தெரியும். பான்கேக் கடையில் சிரித்த மேசைக்கு இதுதான் என் பதில்.

தண்ணீர், போர்வை, மொட்டைக் கத்திரி, ஃபோன், எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். இரண்டு கணுக்கால், இடது கை. கையைத் தலைக்கு மேல் தூக்கவில்லை, தோள் அவ்வளவு இளசு இல்லை. பக்கவாட்டில் தளர்வாக இருந்தது. ஆர்வோ அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை. வாசல் மணி அடித்தது, போகவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று வரி வரியாக எழுதினேன், கிழித்தேன். மிச்சம் இவ்வளவு: காது மெஷின் விசில் அடித்தது, டோரீன் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. அவள் உடம்பிலிருந்து ஏதோ ஒரு கணக்கு இறங்கிப்போனது. கூரையில் ஒரு பழைய தண்ணீர்க் கறை இருந்தது. அதைத் துடைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆர்வோ பார்த்தான், விரலை விட்டான், கையை எடுத்தான். இறுக்கவில்லை.

அப்போது சட்டைக் கை இழுபட்டது.

"வின்னிபெக்," என்றாள்.

ஆர்வோ நிறுத்தினான். கையின் கொக்கியை அழுத்தினான், விட்டது. கால் கொக்கிகள் இரண்டும் விட்டன. போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"கையா? ஜிவ்வுங்குதா?"

"இல்ல."

"தோளா?"

"இல்லடா. எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நிறுத்தறியான்னு பாத்தேன்."

7

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: 'ஆர்வோ கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியல் அறைக்கு, விறகு பிளந்தான். இத்தனை வருஷம் வாழ்ந்தும் என்னைச் சோதிக்கிறாளே என்று ஒவ்வொரு கட்டையிலும்—' இது அழுமூஞ்சி முடிவு. நிறுத்தத் தெரிந்தவனுக்கு இவ்வளவு ரோஷம் எதற்கு?

இரண்டாவது, மாக்ஸின் சொன்னது: "அவ அழணும்யா. நல்லா நடந்து முடிஞ்சாலும் நெறைய பேர் அழுவாங்க. அவன் பக்கத்துல உக்காந்து சூடா எதையாவது குடிக்கக் குடுக்கணும்." மாக்ஸின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் டோரீனுக்கு அப்போது அழுகை வரவில்லை. நான் என்ன செய்ய?

மூன்றாவது எனக்கே பிடித்திருந்தது: 'ஆர்வோ வெடித்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் இடது கையை எடுத்துப் பட்டைக்குள்—'

எழுதிக்கொண்டே போனவன் அந்த இடத்தில் நின்றேன். அவள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். சோதிக்கத்தான் சொன்னாள் என்றாலும் சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு எதுவும் தானாகத் தொடங்க முடியாது. மறுபடி வேண்டுமா என்று ஆர்வோ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேனா என்னிடம் இருக்கிறது என்பதற்காக அவள் கையைத் தூக்கிப் பட்டைக்குள் வைக்க எனக்கு உரிமை கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

உங்களையும் எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படிப்பட்டவர், எதற்காக இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்கள் என்றும் தெரியாது. ஆனாலும் இதை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

அவள் கட்டில் ஓரத்தில் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் தரையில் முட்டி போட்டபடி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வரி உங்களுடையது. எழுதுமுன் அவளிடம் கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையே முடிவாக எழுதிவிட்டு அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள். வேண்டும் என்றால் என்ன வேண்டும் என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுதாதீர்கள். காத்திருங்கள்.